சாந்தம்

எங்கள் வாரியத்தில் இரண்டு ரம்பங்கள் உண்டு. ஒன்று என் மேசைமேல் கிடக்கும். இன்னொன்று தலைவரின் வாயில் இருக்கும். என்னுடையது மதியச் சாப்பாடு வரை அறுக்கும், பிறகு ஓய்ந்துவிடும். தலைவருடையதற்கு நேரம் காலம் கிடையாது. என் ரம்பத்தை நிறுத்திவிட்டு அவர் ரம்பத்தை ஓடவிட்டார்கள், அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் செய்வது கை. தெருவிளக்குப் பழுது பார்க்கிறவனை ஒரு தொட்டியில் நிற்க வைத்து உயரே தூக்கிக்கொண்டு போகிற வண்டி இருக்கிறதே, அந்த வண்டியின் நீளமான கை. இரும்பில் செய்தால் மின்சாரம் பாய்ந்து ஆள் கருகிவிடுவான் என்பதால் கண்ணாடி நாரில் செய்கிறோம். நாரைப் பிசினில் நனைத்து, உருளைமேல் தடிமனாகச் சுற்றி, பெரிய அடுப்புக்குள் தள்ளி வேகவைப்போம். வெந்தால் பிசின் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு உருளையை உருவிவிட்டு, குழாய் மாதிரி இருக்கும் கையின் நுனியிலிருந்து ஒரு வளையத்தை அறுத்து என்னிடம் கொடுப்பார்கள். அந்த வளையத்தை ஒரே ஒரு இடத்தில் நான் வெட்டுவேன். அதுதான் என் உத்தியோகம். ஆகவே எனக்கு ரம்பக்காரி என்று பெயர்.

நல்ல வளையமாக இருந்தால் வெட்டின இடம் வெட்டினபடி கிடக்கும். கெட்ட வளையமாக இருந்தால், வெட்டு முடிகிற நொடியில் இரண்டு முனையும் சட்டென்று நெருங்கிவந்து ரம்பத்தைக் கடித்துக்கொள்ளும். "கடிச்சிடுச்சு!" என்று நான் கத்துவேன். கடித்த வளையத்துக்குரிய கை வாசலைத் தாண்டாது. ஏன் கடிக்கிறது என்று எனக்கு ரொம்ப காலம் தெரியாது. மென்னுமுழுங்கிதான் ஒருநாள் சொன்னார்.

மென்னுமுழுங்கி என்பது எங்கள் பொறியாளர். படித்தவர், நல்லவர், எதையும் பாதி சொல்லி மீதியை முழுங்கிவிடுகிறவர். என்னிடம் மட்டும் முழுசாகப் பேசுவார்.

"நார் சுருங்காது அக்கா. பிசின் சுருங்கும். ரெண்டும் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிய முடியாது. ஆறும்போது பிசின் சுருங்கப் பாக்குது, நார் விடமாட்டேங்குது. அந்த இழுபறி அப்படியே உள்ளுக்குள்ள தங்கிடுது. வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும்."

"கூட்டுக் குடும்பம் மாதிரி இருக்கே."

"அதேதான். மெதுவா ஆறவிட்டா கொஞ்சம் சமாதானமாப் போகும். அவசரப்பட்டா மொத்த அழுத்தமும் உள்ளயே நிக்கும். நீங்க வெட்டும்போதுதான் அது வாயைத் திறக்குது. வெட்டலைன்னா, என்னைக்காவது பாரம் ஏறும்போது திறக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கை ஒரு அழுத்தக்காரன். எங்கள் வீட்டில் பிறக்காதவன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டு அழுத்தக்காரன் என் தம்பி. அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். தெருவிளக்குப் பிரிவில் வேலை. நாங்கள் செய்யும் கையில்தான் அவன் தினமும் ஏறி நிற்பான். விளக்கு மூடியைத் திறந்தால் கொட்டுகிற செத்த பூச்சிகளெல்லாம் அவன் சட்டைப்பைக்குள் வந்து சேரும். துவைக்கப் போடும்போது நான் திட்டிக்கொண்டே உதறுவேன். உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, ஒன்றும் சொல்லமாட்டான். "மேல எப்படிடா இருக்கும்?" என்றால், "காத்து வரும்" என்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

சரி, வாரியத்துக்கு வருகிறேன்.

புதுத் தலைவர் வந்ததும் முதலில் கை வைத்தது சொற்களில். வேகவைத்து இறுக வைப்பதை நாங்கள் க்யூரிங் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வெளிமொழிச் சொல் ஒன்றுகூட வளாகத்துக்குள் நடமாடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அகராதியைப் புரட்டியவர்கள், க்யூர் என்றால் குணமாதல் என்று கண்டுபிடித்தார்கள். மறுநாளே அடுப்புக் கூடத்தின் வாசலில் பெரிய எழுத்தில் 'குணமாகும் கூடம்' என்று பலகை மாட்டினார்கள். அந்த வாரமே ஒரு பெரியவர் பல்வலியோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுப்புக் கதவைத் திறந்ததும் எழுந்து, வலி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போனார். குணமானவர் ஒருவர் என்று தலைவர் அதையும் ஆண்டறிக்கையில் சேர்க்கச் சொன்னார்.

அடுத்து விரைவு ஆண்டு என்று அறிவித்தார். வெந்த கை, மூடிய அடுப்புக்குள்ளேயே ஒரு பகல் ஒரு ராத்திரி கிடந்து ஆறுவது வழக்கம்.

"ஆறுறதுக்கு எதுக்குய்யா அவ்வளவு நேரம்? நான் டீ எப்படிக் குடிக்கிறேன்? ஊதிக் குடிக்கிறேன். ஊதுங்கய்யா!"

ஊதினார்கள். கொதிக்கக் கொதிக்க அடுப்பைத் திறந்து, ஆளுயர மின்விசிறிகளை வைத்து ஊதினார்கள். கைகள் இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே வந்தன. முதல் வளையம் என் மேசைக்கு வந்தது. கடித்தது. அடுத்ததும் கடித்தது. அதற்கடுத்தது ரம்பத்தை விடவே இல்லை, சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியிருந்தது.

மென்னுமுழுங்கியை இழுத்துக்கொண்டு தலைவர் கூட்டத்துக்குப் போனேன். சாட்சிக்கு வளையமும் ரம்பமும் என் கையில். கூட்டத்தில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் நலன் அம்மா. பணியாளர் நலப் பிரிவின் அதிகாரி அவர். நல்ல மனசு, காது மட்டும் தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும்.

மென்னுமுழுங்கி எழுந்தார். க்யூரிங் என்று சொன்னால் குற்றம் என்பதால் உத்தரவுப்படிப் பேசினார். "சார், குணமான பிறகும் உள்ள அழுத்தம் மிச்சம் நிக்குது சார்."

"ஐயோ பாவம்," என்றார் நலன் அம்மா. "எங்க நிக்குது?"

"கையில மேடம்."

"இழுக்குதா?"

"இழுக்குது மேடம். உள்ளுக்குள்ளயே இழுக்குது. வெளிய தெரியாது."

"எனக்கும் இப்படித்தான் இருந்தது தம்பி. மூச்சுப் பயிற்சி பண்ணினேன், போயிடுச்சு."

மென்னுமுழுங்கி ஏதோ சொல்லப்போனார். மென்றார், முழுங்கினார். தலைவர் அதற்குள் எழுந்துவிட்டார்.

"பாருங்க, இந்த வாரியத்துல யாருக்கும் அழுத்தம் கிடையாது. இருந்தா அதை நான் கொடுத்ததா ஆயிடும். நான் கொடுக்கலை. அதனால இல்லை. ஆனா இல்லாத அழுத்தத்தையும் போக்கறதுதான் நல்ல நிர்வாகம்."

இப்படி அறுக்க ஆரம்பித்தவர் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை நிறுத்தவில்லை. கை தட்டினார்கள். குணமாகும் கூடத்துக்கு அழுத்தம் போக்கும் திட்டம் அனுமதிக்கப்பட்டது.

அடுப்பு ஓரமாகப் பாய் விரித்தார்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுக்க வேண்டும். அங்கே மூச்சை இழுத்தால் பிசின் நாற்றம்தான் வரும். இருமினவர்களுக்கு அழுத்தம் அதிகம் என்று தனியாக உட்கார வைத்தார்கள். பிறகு சிரிப்புப் பயிற்சி. கண்ணாடி நார் ஏறி முழங்கை வரை சொறிந்துகொண்டிருந்த ஒரு பெண், "அரிக்குது மேடம், சிரிப்பு வரல" என்றாள். அரிப்பு தோலில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்று நலன் அம்மா அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் எண்ணத்தைச் சொறிய வழி தெரியாமல் தோலையே சொறிந்தாள்.

கைகள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. வளையங்கள் பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருந்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. நலன் அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "மேடம், அழுத்தம் எங்களுக்கு இல்லை. கைக்கு. இந்தப் பொருளுக்கு."

அவர் நெடுநேரம் யோசித்தார். கண் கலங்கியது. "நான் இதை யோசிக்கவே இல்லையேம்மா," என்றார். மறுநாள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி கட்டி, ஆறுகிற கைகளுக்குப் புல்லாங்குழல் இசை போட்டார். மின்விசிறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, கைகளுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

இந்தச் செய்தி தலைவரின் காதுக்குப் போனதும் அவருக்கு வந்ததே கோபம். பொருளுக்கு அழுத்தம் என்று வெளியே தெரிந்தால் எவன் வாங்குவான்? அன்று மாலையே உத்தரவு வந்தது. அழுத்தம் என்ற சொல் உயர்திணைக்கு மட்டுமே உரியது. அஃறிணைக்கு அச்சொல்லைப் பயன்படுத்துவது ஒழுங்கீனம். பள்ளிக்கூடத்தில் நான் இலக்கணத்தில் தோற்றுப் போனவள். அப்போதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

பிறகு அவரே என் மேசைக்கு வந்தார், பரிவாரத்தோடு. "வெட்டும்மா, பாக்கலாம்."

வெட்டினேன். கடித்தது.

"வெட்டுறதுக்கு முன்னாடி கடிச்சுதா?"

"இல்லை சார்."

"வெட்டின பிறகு?"

"கடிச்சுது சார்."

"அப்ப கடிக்க வெச்சது யாரு?" அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "சும்மா கிடந்த வளையம். அது உண்டு, அதன் வேலை உண்டுன்னு இருந்தது. இந்தம்மா ரம்பத்தை எடுத்தாங்க. வந்துது பிரச்சினை. இவ்வளவு நாளா நம்ம வாரியத்துல குறை எங்கேருந்து வந்துதுன்னு இப்பப் புரியுதா? சோதனைலேருந்து வந்துது! நான் வர்றதுக்கு முன்னாடி இருந்தவங்க சோதிச்சுச் சோதிச்சே வாரியத்தைக் கெடுத்தாங்க. நான் சோதனையை எடுத்துட்டேன், குறையும் போச்சு. இது கூடத் தெரியாமலா நான் தலைவரா இருக்கேன்?"

மென்னுமுழுங்கியைப் பார்த்தேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை.

ரம்பத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். சோதனைக்குப் பதிலாக ஒரு ரப்பர் முத்திரை வந்தது. நீல மையில் 'சாந்தம்' என்று விழும். கையை வெளியே அனுப்பும் முன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்து, சாந்தமாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். நான் மாட்டேன் என்றேன். நலன் அம்மா ஆசையாக வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கையையும் தடவிக்கொடுத்துக் குத்தினார். ஒன்றுகூடத் தேறாமல் போகவில்லை.

ஒருநாள் தம்பி சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே, "உங்க கை வந்திருக்கு எங்க வண்டிக்கு," என்றான். "புதுசு. சாந்தம்னு எழுதியிருக்கு. எங்க பசங்க வண்டிக்கே சாந்தான்னு பேர் வெச்சுட்டாங்க."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"அதுல ஏறாதடா."

"ஏன்?"

"கடிக்கிற கைடா அது. உள்ள அழுத்தம் நிக்குது. சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், பாரம் ஏறுனா விட்டுடும்."

"நான் ஏறலைன்னா இன்னொருத்தனை ஏத்துவாங்க. அவனுக்கும் அக்கா இருப்பா இல்ல?"

"அவளை நான் பாத்ததில்லைடா! உன்னைத்தான் பாத்திருக்கேன்!"

அவன் சிரித்தான். என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு எழுந்து கை கழுவப் போனான். அழுத்தக்காரப் பயல்.

காலையில் நேராகத் தலைவர் அறைக்குள் நுழைந்தேன். "சார், அனுப்பின கைகளைத் திரும்ப வரவழையுங்க. என் தம்பி அதுலதான் ஏறுறான். உங்க கால்ல வேணாலும் விழறேன் சார். எனக்கு வேற யாரும் இல்லை."

தலைவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"உன் கை நடுங்குதேம்மா. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. தூங்கினியா?" நலன் அம்மாவைக் கூப்பிட்டார். "பாருங்க மேடம். அழுத்தம் அழுத்தம்னு இத்தனை நாளா சொன்னது யாருக்குன்னு இப்பத்தான் தெரியுது. தனக்கு இருந்ததை இந்தம்மா பொருள் மேல ஏத்திச் சொல்லியிருக்கு. உயர்திணை! நான் போட்ட உத்தரவு எவ்வளவு சரின்னு பாருங்க."

என்னை ஓய்வறையில் படுக்க வைத்தார்கள். குணமாகும் வரை வேலைக்கு வர வேண்டாம், ஆனால் வளாகத்தை விட்டும் போக வேண்டாம், சாயங்காலம் வரை இங்கேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். தினமும் வந்து படுத்தேன். நலன் அம்மா என் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையால்தான் முத்திரையும் குத்தினார்.

ஒரு குளிர்காலக் காலை. வழக்கத்தைவிடக் குளிர் அதிகம். குளிரக் குளிரப் பிசின் இன்னும் சுருங்கப் பார்க்கும் என்று மென்னுமுழுங்கி எப்போதோ சொன்னது, படுத்திருந்தவளுக்கு ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன், அதற்குள் அதுவே அடித்தது. தம்பி.

"அக்கா, நீ சொன்னது நிஜந்தான் போல. கை சத்தம் போடுது. டிக் டிக்குங்குது."

"எங்கடா இருக்க?"

"மேல."

"இறங்குடா! இறக்கச் சொல்லுடா!"

"இறக்கிட்டுத்தான் இருக்காங்க. கத்தாத. சும்மா சொல்லலாம்னு…"

பிறகு பேச்சு இல்லை. முதலில் பெரிய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் காற்று. மேலே காற்று வரும் என்று அவன் சொன்னது பொய்யில்லை.

அவன் சட்டையை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். சட்டைப்பையில் பூச்சிகள் இருந்தன. அன்றைக்கு நான் உதறவில்லை. அழுதேன், அழுது தீரவில்லை, இப்போதும் தீரவில்லை. அதைப் பற்றி மேலே எழுத எனக்குத் தெம்பு இல்லை.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். விசாரித்தது வாரியம். விசாரிக்கப்பட்டதும் வாரியம். உடைந்த கையைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். உடைந்த இடத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து, நார் நாராய்த் தொங்கியது. சாந்தம் என்ற முத்திரை மட்டும் அழியாமல் இருந்தது. தலைவர் இழுப்பறையைத் திறக்கச் சொன்னார்.

"நியாயமா நடந்துக்குவோம். ரம்பத்தைக் கொடுங்க. இந்தக் கையிலேருந்தே ஒரு வளையம் எடுத்து இந்தம்மாவே வெட்டட்டும். கடிக்குதா பாப்போம்."

உடைந்த இடத்தை ஒட்டி வளையம் எடுத்துக் கொடுத்தார்கள். வெட்டினேன். நேராகத்தான் வெட்டினேன். வெட்டு முடிந்தது. முனைகள் அசையவில்லை. ரம்பம் வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வெளியே வந்தது.

எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அதற்குள் இனி என்ன மிச்சம் இருக்கும்? உள்ளே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் என் தம்பி தொட்டியில் நின்றபோதே விட்டுத் தீர்த்துவிட்டதே. உடைந்தபிறகு எது கடிக்கும்? மென்னுமுழுங்கிக்கும் அது புரிந்தது. "சார், அது உடைஞ்சப்பவே…" என்று தொடங்கினார். தலைவர் திரும்பிப் பார்த்தார். மீதி அவர் வயிற்றுக்குள் போய்விட்டது.

"எங்கேம்மா அழுத்தம்?" என்றார் தலைவர், ரொம்பக் கனிவாக. "உங்க கையாலயே வெட்டினீங்க. சாந்தமா இருக்கு, பாருங்க."

தீர்ப்பு எழுதினார்கள். விபத்துக்குக் காரணம் அழுத்தம் என்று சொல்லப்படுகிறது. அழுத்தம் உயர்திணைக்கு மட்டுமே உரியது. அந்த நேரத்தில் தொட்டியில் இருந்த உயர்திணை ஒருவரே. ஆகவே அழுத்தம் அவரிடம் இருந்திருக்க வேண்டும்.

கூடவே, விரைவு ஆண்டை இன்னும் ஓராண்டு நீட்டித்தார்கள்.

வாசலில் இரங்கல் பலகை வைத்தார்கள். அன்னாரது ஆன்மா சாந்தியடைய வாரியம் வேண்டுகிறது என்று எழுதியிருந்தது. எழுதி முடித்த நலன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழக்கதோஷத்தில், பக்கத்தில் இருந்த முத்திரையை எடுத்து அடியில் ஒரு குத்து குத்தினார். நீல மையில், பளிச்சென்று.

நான் அதன் முன்னால் நின்று வாசித்தேன். திரும்பிக் குணமாகும் கூடத்துக்குப் போனேன். அன்று காலை ஊதி ஆறவைத்த புதுக் கை ஒன்று வாசலுக்குப் போகத் தயாராகக் கிடந்தது. மென்னுமுழுங்கி பக்கத்தில் நின்றிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே நுனியிலிருந்து வளையம் அறுத்துக் கொடுத்தார். விசாரணை முடிந்து யாரும் இழுப்பறையைப் பூட்டவில்லை. ரம்பத்தை எடுத்தேன். வெட்டினேன். கடித்தது, இதுவரை எந்த வளையமும் கடிக்காத மாதிரி.

ரம்பத்தோடு அப்படியே கொண்டுபோய்த் தலைவரின் மேசைமேல் வைத்தேன். நலன் அம்மாவும் அங்கே இருந்தார். அடுத்த ஆண்டறிக்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"என் ரம்பம் மாட்டிக்கிச்சு சார். எனக்கு எடுக்க வரலை. உடம்பு சரியில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அனுதாபம் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். ஒரு கையால் இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தார். வளையத்தை மேசை விளிம்பில் அண்டக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"சே! என்னம்மா இது, இவ்வளவு அழுத்தமா புடிச்சிருக்கு!"

நலன் அம்மா அவரைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், மடியில் இருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார். தலைவரின் இரண்டு கையும் ரம்பத்தின் மேலேயே நின்றுவிட்டன.

"அது அஃறிணை சார்," என்றேன்.